பேர்ண் நகரத்து மணிக்கூடு

சுவிற்சர்லாந்து நாட்டின் பேர்ண் நகரிலே, கிராம்காசே என்னும் பழைய வீதியின் மேற்கு முனையில் மணிக்கூட்டுக் கோபுரமொன்று நிற்கின்றது. முற்காலத்தில் நகர் முழுவதும் அதன் மணியையே பின்பற்றியது.

அதனைக் கடந்து சில நிமிடம் நடந்து, 49ஆம் இலக்க வீட்டின் இரண்டாம் மாடிக்கு ஏறுகின்றோம். 1903 முதல் 1905 வரை அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் மனைவி மிலேவாவோடு குடியிருந்த இடம் இது, இப்பொழுது நூதனசாலை. பல்கலைக்கழகப் பதவி கிட்டாத அவர், அந்நாளில் ஆக்கவுரிமைக் காரியாலயத்தில் மூன்றாந்தர உத்தியோகத்தர்.

எல்லோர்க்கும் பொதுவான காலம் ஒன்றுண்டென்றே அறிஞர் பெரும்பாலோர் நம்பியிருந்தனர். 1905இல் அவர் அதனை மறுத்தார். ஒளியின் வேகம் எவர்க்கும் ஒன்றேயாதலின், காலம் எவர்க்கும் ஒன்றாயிருத்தல் இயலாது. ஓடும் மணிக்கூடு பிந்தும் என்றார்.

இஃது ஏட்டளவில் நின்றுவிட்டதா? எமது கைத்தொலைபேசிக்கு வழிகாட்டும் செய்மதிகளின் மணிக்கூடுகள், வேகத்தினாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 மைக்கிரோசெக்கன் பிந்துகின்றன; 1915இல் அவர் கண்ட ஈர்ப்புக் கொள்கைப்படி, உயரத்தினாலே 45 மைக்கிரோசெக்கன் முந்துகின்றன. இரண்டையுங் கணக்கிட்டுத் திருத்தாவிடின், ஒரே நாளில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வழி பிசகும்.

ஊரெல்லாம் ஒப்பிய ஒன்றை மீண்டும் ஆராயத் துணிந்த அந்த 26 வயது உத்தியோகத்தரை மாணவர்கள் மறவாதிருத்தல் நன்று.