ஒட்டுப்போர்வையின் உள்பக்கம்

வீட்டில் தையல் மெஷினும் ஒரு மூட்டை வெட்டுத்துணியும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. கூடவே கைக்குழந்தையும் இருந்தால் கடைசி வரை வாசிங்க.

எங்க அம்மா தையல்காரர். ஜாக்கெட் தைத்து மிஞ்சும் துண்டுகளைத் தலையணை உறையில் திணித்து வைப்பார். ஆர்டர் குறையும் மாதங்களில் அவற்றைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பார். எந்தத் துண்டு தெருவில் யார் வீட்டு ஜாக்கெட் என்று எங்களால் சொல்லிவிட முடியும். அந்தக் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கிச்சு. டியூட்டி இல்லாத ஞாயிறு மதியம் நானும் மெஷின் முன்னால்தான். (டாக்டர் தையல் போடுறதுல என்ன அதிசயம்னு கேட்காதீங்க, அது வேற தையல்.)

அதனாலேயே ஒரு கேஸ் மனசில் தங்கிவிட்டது. மூன்று மாதக் குழந்தை. ராத்திரி முழுக்க அழுகை. ஜுரம் இல்லை, காது சரியாக இருக்கிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது. பால் கொடுத்தும் அடங்கவில்லை. இப்படி வரும் குழந்தையின் உடுப்பு, சாக்ஸ் எல்லாவற்றையும் கழட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பாலபாடம். கால் விரல் ஒன்று நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது. அதன் அடியில் மெல்லிய பள்ளம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீல நூல்.

பாட்டி ஆசையாகத் தைத்த ஒட்டுப்போர்வையின் பிசிறு அது.

இதற்கு 'ஹேர் த்ரெட் டூர்னிகே' என்று பெயர். பெரும்பாலும் நூலைவிட அம்மாவின் தலைமுடிதான் காரணமாக இருக்கும், பிரசவத்துக்குப் பிறகு சில மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டுமே, அது. குழந்தை காலை உதைக்க உதைக்கச் சுற்றிக்கொள்ளும். விரல் வீங்கும், வீங்கினால் நூல் இன்னும் இறுகும். முதலில் ரத்தம் திரும்புவது தடைபடும், பிறகு உள்ளே போகும் ரத்தமும் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் விரலே போகலாம். கை விரலிலும், பிறப்புறுப்பிலும்கூட இப்படிச் சுற்றும்.

நூலை வெட்டி எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் விரலின் நிறம் திரும்பியது. குழந்தை தூங்கிவிட்டது, பாட்டிதான் அழுதார். "என் கையால தச்சதே புள்ளைக்கு வினையாப் போச்சே டாக்டர், அதைக் கொளுத்திடுறேன்."

"கொளுத்தாதீங்கம்மா, திருப்பிக் காட்டுங்க" என்றேன். மேல்பக்கம் அவ்வளவு நேர்த்தி, நாலு மூலையும் கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. உள்பக்கம் லைனிங்கே இல்லை. வெட்டிய ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கியது. ஒரு பழைய வெள்ளை வேட்டியைப் பின்னால் வைத்து, சுற்றிலும் ஓரத்தை மடித்து அடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்களும் அப்படித்தான் செய்யணும். தறியில் நெய்த துணி, வெட்டிய இடத்தில் பிசிறு விடாமல் இருக்காது. கால் இஞ்சாவது உள்ளே விட்டுத் தையுங்க. ஓவர்லாக் வசதி இருந்தால் நல்லது. ஆனா அதை மட்டும் நம்பி லைனிங்கை விட்டுடாதீங்க, துவைக்கத் துவைக்க அந்த நூலும் பிரியும். பனியன் வெட்டையும் காட்டன் துண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டாம். ஒன்று இழுபடும், இன்னொன்று இழுபடாது, தையல் விட்டுப்போகும். ஜரிகை வைத்த துண்டைக் குழந்தைப் போர்வையில் சேர்க்கவே சேர்க்காதீங்க.

ஒரு வயசு வரை, தூங்கும் குழந்தை மேல் எந்தப் போர்வையையும் தளர்வாகப் போர்த்த வேண்டாம். முகத்தை மூடினால் தள்ளிவிட அதுக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்து, குப்புறப் போட்டு, பக்கத்திலேயே இருந்து விளையாட விடுங்க. கட்டம் கட்டமாகக் கலர் இருந்தால் பிள்ளைங்க ரொம்ப நேரம் பார்த்துட்டிருக்கும்.

காரணம் தெரியாத அழுகை என்றால் பத்து கை விரல், பத்து கால் விரல், டயப்பருக்குள் எல்லாம் பாருங்க. நூலோ முடியோ சுற்றியிருந்து, தளர்வாக இல்லையென்றால் வீட்டில் பிடித்து இழுக்காதீங்க. அறுந்து பாதி உள்ளேயே தங்கிடும். வீக்கத்தில் புதைந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ராத்திரி ரெண்டு மணியானாலும் தூக்கிட்டு வந்துடுங்க.