உகந்தைப் பாறையில் ஓர் இரவு

பாலை நிலத்துப் பாறைகளிடையே கூடாரமிட்டுத் தங்க வேண்டுமென்பது எம் மாணவர் சிலரின் நெடுநாள் ஆசை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ‘நெருப்புப் பள்ளத்தாக்கு’ என்னும் பூங்காவின் செந்நிற மணற்கற் பாறைகளைப் படத்திற் கண்டதன் விளைவு அது. அத்துணைத் தொலைவு நாம் எங்கே போவது? “உகந்தை மலைக்குப் போவோம்” என்றோம்.

ஆடி மாதம், கச்சான் காற்று வீசும் காலம். கோமாரியில் மாணவர் ஒருவரின் இல்லத்திற் பகலுணவு உண்டு, அவ்வீட்டுக் கிணற்றில் இரண்டு கலன்கள் நிறைய நீர் எடுத்துக்கொண்டோம். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அக்கிணற்றையும் உப்பாக்கிவிட்டதாம். “இவன் அப்ப கைக்குழந்தை. வண்டியில வாற தண்ணிக்குக் குடத்தோட காத்துக் கிடந்தம்” என்றார் மாணவரின் தாயார்.

பொத்துவில், அறுகம்பை, பாணமை ஆகிய ஊர்களைக் கடந்ததும் பாதை கரடுமுரடாயிற்று. வண்டி குலுங்கியதில் ஒரு கலனின் மூடி கழன்று, நீர் முழுவதும் கொட்டிப்போயிற்று. எஞ்சியது ஒன்றே.

கடலோரத்துப் பாறைகளின் அடிவாரத்தில் முருகன் கோயில் அமைந்துள்ளது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இங்கே தங்கிய பின்னரே குமணைக் காட்டினுள் நுழைவர். அவர்களுக்கு அருகே நாமும் படங்கு கட்டி, அடுப்பு மூட்டினோம்.

மாலையிற் பாறைமேல் ஏறினோம். நெவாடாவின் பாறை மணல் இறுகிப் பிறந்தது. இதுவோ நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கும். அந்நீர் கல்லின் தாதுக்களை மெல்ல நெகிழ்விக்கும். உதிர்ந்த துகளைக் காற்று வாரிச் செல்லும். இவ்வாறு குழி ஆழ்ந்து சுனையாகிறது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையை இச்சுனைகள் கோடைக்கென ஏந்தி வைக்கின்றன. இவற்றையெல்லாம் மாணவர்க்கு விரிவாக எடுத்துரைத்தோம்.

இரவுணவு முடிந்ததும் கோமாரி மாணவர் கரிபிடித்த பானையுடன் தாழ்வான சுனையொன்றை நோக்கி நடந்தார். நாம் தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமென்று எமக்குத் தோன்றவுமில்லை! அங்கிருந்த முதிய அடியார் ஒருவரே குரல் கொடுத்தார்:

“அதுக்குள்ள பானைய வெக்காத மனே. மொண்டு வந்து இஞ்சால கழுவு. பின்னுக்கு வாற சனத்துக்கும் அதுதான் தண்ணி. காட்டு மிருகத்துக்கும் அதுதான்.”

மாணவர் நாணி நின்றார். அவரினும் மிகுதியாக நாணியவர் நாமே. சுனை பிறக்கும் விதத்தைக் கற்பித்த நாம், அதனருகே நடந்துகொள்ளும் விதத்தைக் கற்பிக்க மறந்துவிட்டோம். அன்றிரவு பானையை மணல் தேய்த்துத் துடைத்து வைத்தோம். விடியலில் அச்சுனையின் கீழிருந்த மணலில் மான் குளம்புகள் பதிந்திருந்தன.

திரும்பும் வழியிற் கோமாரியில் இறங்கினோம். மாணவர் கிணற்றில் நீர் இறைத்துத் தாயாரின் குடத்தை நிரப்பி, அதன்பின் எமக்கு ஒரு செம்பு தந்தார். ஒரு துளியும் சிந்தாமற் பருகினோம்.