சடைப்பூனைக்கு யார் தலை சீவுவது?



போன மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில் நான் கொட்டகைக்குத் தென்னங்கீற்று மாத்திக்கிட்டு இருந்தப்போ சேலையூரிலிருந்து என் பொண்ணு போன் பண்ணினாள். "அப்பா, பாப்பா ரொம்ப ஆசைப்படுறா. ஒரு பெர்சியன் பூனை வாங்கலாம்னு இருக்கோம். தாம்பரத்துல ஒரு கடையில பார்த்துட்டு வந்துட்டோம். நீங்க என்ன சொல்றீங்க?"

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், எங்கள் வீட்டில் ஏற்கனவே அப்படி ஒன்று இருக்கு. காசு கொடுத்து வாங்கினது இல்லை. எங்க ஊர் படப்பையைத் தாண்டி, வாலாஜாபாத் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. ராத்திரியில் கார் நிறுத்தி, வேண்டாத நாய், பூனையை ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போறவங்க உண்டு. கிராமத்தில் எப்படியோ பிழைச்சுக்கும்னு நினைப்பு. இரண்டு வருஷம் முன்னாடி ஒரு மார்கழி காலையில் மாடு மேய்க்கிற பையன் அட்டைப்பெட்டியோடு அதைத் தூக்கிட்டு வந்தான்.

வெள்ளைப் பூனை என்றே தெரியவில்லை. வயிறு, அக்குள், காதுக்குப் பின்னாடி, பின்தொடை எல்லாம் முடி சிக்கேறி அடை அடையாய்க் கெட்டியாயிருந்தது. வாலடியில் மலம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆட்டுக்கு முடி வெட்டுற மாதிரிதானே என்று நான் கத்திரிக்கோலை எடுத்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன். பூனைத் தோல் ரொம்ப மெல்லிசு. சிக்கு இழுக்கும்போது தோலும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். இரண்டாவது வெட்டிலேயே ரத்தம். அப்புறம் டாக்டரிடம் தூக்கிட்டுப் போய், மயக்க ஊசி போட்டு, மெஷின் வைத்துதான் மழித்தோம். உள்ளே இருந்தது அணில் மாதிரி ஒல்லியான ஒரு ஜீவன். சிக்குக்கு அடியில் புண். என் வீட்டுக்காரி அதுக்குப் பஞ்சு என்று பேர் வைத்தாள்.

அதனால் பொண்ணிடம் நான் உடனே சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். உங்களில் யாராவது இதே யோசனையில் இருந்தால் உங்களுக்கும் ஆகும்.

இந்தப் பூனையின் முடி நம்ம நாட்டுப் பூனை முடி மாதிரி இல்லை. மேலே நீள முடி, அடியில் கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு. நாட்டுப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் பண்ணிக்கும், அதுக்கு அதுவே போதும். இதுக்குப் போதாது. தினமும் இரும்புப் பல் சீப்பால் அடிமுடி வரைக்கும் சீவணும். ஒரு வாரம் விட்டால் முடிச்சு, ஒரு மாசம் விட்டால் அடை. குளிப்பாட்டினால் அடிமுடி வரை காயவைக்கணும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் தோல் கெட்டுப்போகும். இந்த ஜாதிக்குப் படர்தாமரையும் சீக்கிரம் வரும். அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

அடுத்தது மூஞ்சி. கடைக்காரர்கள் டால் ஃபேஸ், பஞ்ச் ஃபேஸ் என்று சொல்வார்கள். பஞ்ச் ஃபேஸ் என்றால் மூக்கு உள்ளே அழுந்தினது, விலையும் ஜாஸ்தி. 1871இல் லண்டனில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே பெர்சியன் இருந்திருக்கு. அப்போதெல்லாம் மூஞ்சி இவ்வளவு தட்டை இல்லை. ஆசைக்கு ஆசையாய்த் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததில்தான் இப்படி ஆனது. மூக்கு குறுகினால் மூச்சுக்குக் கஷ்டம். கண்ணீர் போற வழி வளைந்துபோய் கண்ணில் தண்ணி வடிந்துகொண்டே இருக்கும், தினமும் துடைக்கணும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோயும் இந்த ஜாதியில் உண்டு. தாய் தகப்பனுக்குப் பரிசோதனை பண்ணினீங்களா என்று கேளுங்கள். கடைக்காரர் முழிச்சால் வாங்காதீங்க.

வெயிலைப் பற்றி எனக்கு மாடு சொல்லிக்கொடுத்தது. பால் ஜாஸ்தி என்று ஒரு ஜெர்சி கலப்பு வாங்கினேன். சித்திரை வந்தால் மத்தியானம் நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைக்கும். பக்கத்தில் நாட்டு மாடு சும்மா அசைபோட்டுக்கிட்டு நிற்கும். பூனையும் அப்படித்தான். வாயைத் திறந்து இரைத்தால் ஆபத்து, உடனே டாக்டரிடம் ஓடணும். மூணாவது மாடியில், ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் வேலைக்குப் போனபிறகு கரண்ட் போனால் என்ன பண்ணுவே என்று கேட்டேன். பொண்ணு பதில் சொல்லலை.

தயிர்சாதம் போட்டு வளர்த்துடலாம் என்றும் நினைக்காதீங்க. மீனோ கறியோ இல்லாமல் பூனைக்கு ஆகாது, கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீங்க, அது பூனைக்கு விஷம்.

கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். "வாங்கறதுக்கு முன்னாடி பஞ்சுவை பத்து நாள் வெச்சுப் பாரு. ஆனா இப்ப வேணாம். பள்ளிக்கூடம் திறந்த அப்புறம். லீவுல எல்லாருக்கும்தான் பாசம் வரும்."

ஜூனில் கொண்டுபோய் விட்டேன். முதல் மூணு நாள் பேத்தி போனில் போட்டோவாய் அனுப்பித் தள்ளினாள். சீவுற மாதிரி, மடியில் வைத்த மாதிரி. நாலாம் நாளிலிருந்து போட்டோ குறைஞ்சது. வேலை ஜாஸ்தி போல என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் கூப்பிடப் போனேன். காலை பத்தரை மணி. பொண்ணு ஏழரைக்கே ரயில் பிடிக்கக் கிளம்பியாச்சு. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குறார். பேத்தி பள்ளிக்கூடத்தில். கூடத்தில் சம்பந்தி அம்மா முழங்கால் வலியோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பஞ்சுவுக்குச் சீவிக்கொண்டு இருந்தாங்க. பக்கத்தில் அரிஞ்சு பாதியில் விட்ட கீரை.

பூனை பளபளவென்று இருந்தது. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணிடம் வெயிலைக் கேட்டேன், கரண்டைக் கேட்டேன், காசைக் கேட்டேன். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவங்களைக் கேட்டியா என்று கேட்கவே இல்லை.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன்.

"பிடிக்காம என்ன அண்ணா, வாயில்லா ஜீவன். ஆனா காலையில பாப்பாவுக்குத் தலை சீவி, டப்பா கட்டி அனுப்பிட்டு, அப்பதான் நான் உட்காருவேன். இப்ப உட்கார்ந்தா இது சீப்பைப் பார்த்துக்கிட்டு நிக்குது. மணல் தட்டு வேற தினம் அள்ளணும், குனிய முடியல. பாப்பா ஆசைப்படுறான்னு நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் பொண்ணு வந்ததும் சொன்னேன். முதலில் கோபம் வந்தது. "அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று அவளே சொன்னாள். பேத்தி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே சீவு என்று சமாதானம் பண்ணி, பஞ்சுவைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வளர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தர் மனசாரத் தினமும் அரைமணி நேரம் கொடுக்க முடியும், வெயில் நேரத்தில் குளிர்ச்சியான ஒரு அறை, பால்கனிக்கு வலை, டாக்டர் செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம் என்றால் இதைவிட அமைதியான பிராணி கிடைக்காது. பத்து, பதினைந்து வருஷம் கூட இருக்கும். அப்படியானவர்கள்கூட குட்டி தேடாமல், யாராவது வேண்டாம் என்று விட்ட பெரிய பூனையை எடுத்தால் புண்ணியம். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். சீப்பு யார் கையில் இருக்கப்போகுது? அவங்க வாயாலேயே சரி என்று வந்ததா?

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என் வீட்டுக்காரியிடம் பெருமையாய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பஞ்சுவை மடியில் போட்டு சீப்பை எடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. இந்த இரண்டு வருஷத்தில் நான் எத்தனை நாள் சீவியிருக்கேன்? விரல்விட்டு எண்ணிடலாம்.

இப்போ காலையில் பால் கறந்து முடிச்சதும் அந்த வேலை என்னுது. முதல் வாரம் கையெல்லாம் கீறல். பரவாயில்லை, பழகிக்கிட்டு வருது. நானும்தான்.