குளிர்நீரில் ஒரு தூண்டில்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்திலுள்ள அலபாமா மாநிலம் என்றதும் பருத்திக் காடும் கொளுத்தும் வெயிலுமே நம்மவரிற் பலருக்கு நினைவில் எழும். தை, மாசி மாதங்களில் அம்மாநிலத்தின் வடபகுதிக்குச் சென்று பார்ப்பவருக்கு அவ்வெண்ணம் நிலைக்காது. அப்பலாச்சிய மலைத்தொடரின் வால் அங்கேதான் வந்து படுத்திருக்கிறது. இலையுதிர்ந்த ஓக் மரங்கள் மலைச்சரிவெங்கும் சாம்பல் நிறமாய் நிற்கின்றன. விடியற்காலையிலே புற்றரைமீது உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. அம்மலைகளின் நடுவே ரெனசி ஆறு 75 மைல் தூரத்துக்கு அகன்று விரிந்து குளமாகிக் கிடக்கிறது. அதுவே கன்ரர்ஸ்வில் நீர்த்தேக்கம். அதன் நீர் உறைவது அரிது. ஆயினும் கையை விட்டால் சில நிமிடங்களில் விரல்கள் விறைத்துப்போம். இந்தக் குளிரிலேதான் அந்நாட்டுத் தூண்டிற்காரர் கூட்டங் கூட்டமாய் வந்து சேருகிறார்கள்.

இது இயற்கையாய் அமைந்த குளமன்று. பிராங்கிளின் ரூஸ்வெல்ற் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், 1933ஆம் ஆண்டு, ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை தோன்றிற்று. அச்சபையார் 1935 மார்கழியில் அணை வேலையைத் தொடங்கி 1939 தையில் நீரைத் தேக்கினார்கள். அணையின் நீளம் 3,979 அடி. உயரம் 94 அடி. நீர்ப்பரப்போ ஏறக்குறைய 68,000 ஏக்கர். நமது நாட்டுப் பழங்குளங்கள் வயலுக்கு நீர் பாய்ச்ச எழுந்தவை. இக்குளம் மின்சாரத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் சரக்குப் படகுகளின் போக்குவரத்துக்குமாக எழுந்தது. அதற்கு விலையாக வளமான ஆற்றோர நிலங்கள் மூழ்கின. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, கல்லறைகளையுங்கூட மேட்டுநிலத்துக்கு மாற்றினார்கள். கன்ரர்ஸ்வில் பட்டினம் மூன்று புறமும் நீர் சூழ்ந்த முனையாயிற்று. பழைய தெருக்களும் வாய்க்கால்களும் ஆற்றுப் படுகையின் விளிம்பும் இன்றும் நீரடியிலே கிடக்கின்றன. குளிர்காலத்து மீன் அவற்றின் ஓரத்தைத்தான் நாடும். ஆதலால், மூழ்கிப்போன நாட்டின் வரைபடத்தை மனத்தில் வைத்திருப்பவனே அங்கு கெட்டிக்காரத் தூண்டிற்காரன்.

அவர்கள் தேடும் மீனுக்குப் பெருவாய்ப் பாஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு நமது கடற்கரைக் கொடுவாவின் இனமென்று எண்ணிவிடலாகாது. இது நன்னீருக்கே உரியது. வட அமெரிக்காவின் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை முதுகு, பக்கத்திலே நீளவாக்கில் ஒரு கருங்கோடு, கண்ணுக்கும் அப்பாலே பிளந்து செல்லும் வாய். குணத்திலே நமது குளத்து விராலை ஒத்தது. பூண்டின் மறைவிலே அசையாது கிடந்து, இரை அருகில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் விழுங்கிவிடும். கோடையிலே அதைப் பிடிப்பது சிறுபிள்ளைக்கும் கைவருவதுண்டு. குளிர்காலத்திலேயோ முதிர்ந்தவரையும் அது ஏங்கவைக்கும்.

காரணம் எளியது. மீனுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலிமையில்லை. நீர் எவ்வளவு குளிருமோ அவ்வளவுக்கு அதன் இரத்தமுங் குளிரும். நீரின் வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் பாஸின் உடலியக்கம் மந்தமாகிறது. உண்ட இரை செரிக்கப் பல நாள் செல்லும். பசி குறைந்தபின் ஓட்டம் எதற்கு? கோடையிலே இருபதடி துரத்தி வந்து கௌவும் மீன், மாசியிலே மூக்குக்கு நேரே வருவதை மட்டும், அதுவும் சற்று யோசித்த பின்னரே, வாயில் எடுக்கும். வடக்கே மினசோட்டா, மிச்சிகன் பக்கத்து ஏரிகளிலே மேற்பரப்பு பனிக்கட்டியாய் மூடிவிடும். நீர் 4 பாகையிலே மிகக் கனமாவதால் அந்த நீர் அடியிலே தங்க, மீன் அதற்குள் உயிர்பிழைத்துக் கிடக்கும். அங்குள்ளோர் பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டிலை இறக்குவர். அலபாமாவிலே அத்தனை கடுமையில்லை. மீன் உறங்குவதில்லை, மெல்ல நடக்கிறது, அவ்வளவே.

கன்ரர்ஸ்விலுக்கு வடமேற்கே, ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தூரத்தில், ஹன்ற்ஸ்வில் நகரம் இருக்கிறது. விண்வெளி ஆய்வுக்குப் பெயர்போன அந்நகரிலே என் மருமகன் பொறியியலாளராய்த் தொழில் புரிகிறார். "மீன் பிடிக்கப் போவோம், மாமா. ஆனால் குழம்புக்கு மட்டும் மீன் கேளாதீர்கள்" என்று சொல்லியே என்னை அழைத்துச் சென்றார். அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. படகுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். குளம் நிரம்பிய கதையைத் தம் தந்தையார் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர். விடியுமுன்பே நீரில் இறங்கவேண்டுமென்ற நம்மூர் வழக்கத்தை நினைத்து நான் பரபரத்தேன். அவரோ ஆறுதலாகக் கோப்பி குடித்து முடித்து, வெயில் ஏறிய பின்னரே படகை அவிழ்த்தார். குளிர்காலத்திலே பின்னேரமே நல்ல நேரமாம். பகலெல்லாம் வெயில் பட்ட வடகரையிலே, வாடைக்கு மறைவான குடாக்களிலே, நீர் ஓரிரு பாகை சூடேறியிருக்கும். அந்த இரண்டு பாகைக்காகப் பாஸ் இடம் மாறும்.

அவருடைய தூண்டில் முறையைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பாடமாயிருந்தது. முள்ளிலே அவர் உயிரிரை எதனையும் குத்தவில்லை. சிறு மீனைப் போல் வடித்து வர்ணந்தீட்டிய பொய்யிரை ஒன்றைத் தங்கூசியின் நுனியிலே கட்டினார். அது நீரின் கனத்துக்குச் சரியாய் நிறுக்கப்பட்டது. இழுப்பதை நிறுத்தினால் மேலேயும் வராது, கீழேயும் போகாது, அந்தரத்திலே நிற்கும். இரண்டு முறை சுண்டி இழுத்தார். பின்னர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணும்படி எனக்குச் சொன்னார். மீண்டும் ஒரு சுண்டல், மீண்டும் இருபது. அக்குளத்திலே ஷாட் என்னும் வெள்ளி நிறச் சிறு மீன் கோடிக்கணக்கில் உண்டு; நமது சூடை மீனுக்கு ஒன்றுவிட்ட உறவென்று சொல்லலாம். நீர் 7 பாகைக்குக் கீழே செல்லும்போது அவை குளிர் தாங்காமல் துடித்து, நின்று, மறுபடி துடித்து மடிந்துபோகும். பாஸுக்கு அது உழைப்பின்றிக் கிடைக்கும் உணவு. கிழவரின் கையிலிருந்த பொய்யிரை சாகும் ஷாட் மீனாக நடித்துக்கொண்டிருந்தது. வீசியவனின் பொறுமையே அந்த நடிப்புக்கு உயிர். பொறுமையிழந்து ஒருமுறை விரைவாய் இழுத்தால், நோயுற்ற மீன் ஓடுமோ?

ஆழத்திலே கிடக்கும் மீனுக்கு வேறு முறை. ஈயத்தலையும் இறப்பர்ச் சரமும் கொண்ட கனத்த முள்ளை அடிக்கு இறக்கி, தரையோடு தரையாய் அங்குலம் அங்குலமாய் இழுப்பார்கள். மீன் கௌவியதும் கோல் அதிருமென்று காத்திருப்பவனுக்கு ஒன்றும் அகப்படாது. நனைந்த இலையொன்று முள்ளிலே ஒட்டியதுபோல் ஒரு சிறு பாரம் தெரியும், அதுதான் மீன். கடுங்குளிர் நாட்களிலே கோலின் வளையங்களில் நீர் உறைந்து தங்கூசியைப் பிடித்துக்கொள்ளும். அதை விரலாற் பொடித்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி வீசவேண்டும்.

நடுப்பகலில் படகு ஆழங்குறைந்த ஒரு மேட்டுக்கு வந்தது. நீரடியிலே பழுப்பு நிறமாய்ப் பூண்டுக் கட்டைகள் தெரிந்தன. கிழவர் சிலுசிலுவென ஒலிக்கும் தட்டையான பொய்யிரையொன்றை வீசி, வேண்டுமென்றே அதைப் பூண்டிற் சிக்கவைத்து, வெடுக்கென்று பறித்தார். பறிபட்டு அது துள்ளும் அக்கணத்திலேதான் பாஸ் பாயுமாம். பறித்த முள்ளிலே இரண்டு இலைக்கொத்து ஒட்டி வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலே புனலைக் கவிழ்த்து, சோதனைக் குழாயை மேலே வைத்து, வெயிலில் வாயுக் குமிழி எழுவதைப் பார்த்திருந்தோமே, அதே ஐதரில்லா!

இந்தப் பூண்டின் பயணக்கதை கேட்கத்தக்கது. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி அலங்காரத்துக்கென இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குத் தருவிக்கப்பட்டு, புளோரிடாவிலே ஒரு கால்வாயிற் போய்ச் சேர்ந்தது என்று அந்நாட்டுத் தாவர அறிஞர் எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து படகுகளின் அடியிலும் நீரோட்டத்திலும் ஒட்டிக்கொண்டு மாநிலம் மாநிலமாய்ப் பரந்தது. 1982இல் கன்ரர்ஸ்விலிலே காணப்பட்டது. நம் நாட்டுக் குளத்திலே அடக்கமாய் வளர்வது, பகைப்பூச்சியில்லாத அந்நிய நீரிலே காடாய் எழுந்தது. படகின் சுழல்விசிறியிற் சுற்றிற்று. கரையிலே வீடு கட்டியவர் குளிக்கும் துறையை மூடிற்று. அவர்கள் ஒழிக்கச் சொல்லி நின்றார்கள். தூண்டிற்காரர் எதிர்த்து நின்றார்கள். பூண்டில்லையேல் பாஸ் குஞ்சுக்கு மறைவேது என்பது அவர் வழக்கு. அதிகாரசபையார் மருந்து தெளித்ததுடன், 1990இல் புல் தின்னும் கெண்டை மீன்களையும், இனம் பெருகாதபடி மலடாக்கி, பெருந்தொகையாய் விட்டார்கள். பூண்டு குறைந்த ஆண்டுகளிலே தூண்டிற்காரரின் புலம்பல் பெரிது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இருபுறத்து நியாயமும் எனக்கு விளங்குகிறது. ஆயினும், இவ்வளவு பெரிய நாட்டின் குளமொன்றிலே அயலாரைப் பிரித்து வைத்திருப்பது நம்மூர்ப் பாசியென்று எண்ணும்போது சிரிப்பும் வருகிறது.

குளத்தின் கிளைக்குடாக்களைக் கடக்கும் தெருக்களுக்கு மண்ணணை போட்டு, அதன் இருபுறமும் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள். நமது குளக்கட்டின் அலைகரையைப் போலவே. கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். கல்லிடுக்கிலே நன்னீர்ச் சிங்கிறால்கள் வாழும். இளவேனில் நெருங்கும்போது பாஸ் முதலில் வந்து உரசும் இடங்களுள் இதுவும் ஒன்று. 2014 மாசியில் பாஸ் மீன்பிடியின் தலையாய பந்தயம் கன்ரர்ஸ்விலிலே மூன்று நாள் நடந்தது. அவ்வாண்டுக் குளிர் மிகக் கொடியது. ரண்டி ஹவல் என்பவர் கடைசி நாட் காலையில் 11ஆம் இடத்திலே நின்றார். முதலில் எண்ணியிருந்த இடத்துக்குப் போகாமல், திடீரென மனம் மாறி, ஸ்பிறிங் கிறீக் பாலத்தின் அலைகரைக் கல்லடிக்குத் திரும்பினார். அன்று அவர் நிறுவைக்குக் கொண்டுவந்த ஐந்து மீன்களின் எடை 29 இறாத்தல் 2 அவுன்ஸ். மூன்று நாளுக்குமாக 67 இறாத்தல் 8 அவுன்ஸ் பெற்று அவரே முதல்வரானார். அந்தப் பாலத்தடியை எங்கள் படகுக்காரர் கோவிலைக் காட்டுவதுபோல் விரல் நீட்டிக் காட்டினார்.

இவ்வேடிக்கையிலே உயிராபத்தும் உண்டு. மீனை மந்தப்படுத்தும் அதே நீர் மனிதனை விரைவாய் மடக்கிவிடும். தவறி விழுந்தவனுக்கு முதல் நிமிடத்திலே மூச்சுத் திணறும். தலை நீருக்குள் இருந்தால் அப்போதே முடிந்தது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிடமளவிலே கைகால் சொற்கேளாது; படகின் விளிம்பைப் பிடித்து ஏற முடியாது. நன்றாய் நீந்தத் தெரிந்தவரும் இப்படி மாண்டிருக்கிறார்கள். அணைக்குக் கீழே 800 அடிக்குள் படகில் இருப்போர் மிதவைச் சட்டை அணிந்தேயாகவேண்டுமென்பது அலபாமாவின் சட்டம். கிழவர் சட்டத்தைக் காத்திருக்கவில்லை. துறையை விட்டு நகருமுன்பே என் மார்பிலே அதைக் கட்டி, வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

பின்னேரம் மூன்று மணிக்குமேல் கோல் வளைந்தது. ஏழு இறாத்தலுக்குக் குறையாத பெண்மீன். வயிறு முட்டையினால் புடைத்திருந்தது. கிழவர் கையை நனைத்துக்கொண்டு அதை ஏந்தி, முள்ளைக் கழற்றி, ஒரு பார்வை பார்த்து, நீரிலே விட்டுவிட்டார். மருமகன் சொன்னதன் பொருள் அப்போது விளங்கிற்று. 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸைக் கொண்டுசெல்ல அக்குளத்தில் அனுமதியில்லை. பெரியதைக் கொண்டுபோகத் தடையில்லாதபோதும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அலபாமாக்காரரான ரே ஸ்கொட் தாம் நடத்திய பந்தயங்களிலே, பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் முறையை 1972இல் புகுத்தினார். பின்பு அதுவே நாட்டு வழக்கமாயிற்று. ஆணத்துக்கு ஆகாத மீனை அந்தக் குளிரிலே அலைந்து பிடிப்பானேன் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். "சித்திரையில் இவளுக்கு வேலை இருக்கிறது" என்றார் கிழவர்.

அந்த வேலை நீர் சூடேறத் தொடங்கிப் பாஸ் ஆழத்தை விட்டுக் குடாவின் வாயிலுக்கு நகரும்போது ஆரம்பமாகிறது. வாடை ஒருநாள் திரும்ப அடித்தால் மறுபடி ஆழத்துக்கு ஓடும். பங்குனி முழுவதும் இந்த வரவும் போக்குந்தான். கரையிலே டொக்வூட் மரம் வெள்ளைப் பூவாய்ப் பூக்கும் நாளைக் கண்டு ஊரார் காலங் கணிக்கிறார்கள். நீர் 15 பாகையைத் தாண்டி 18ஐ எட்டும்போது ஆண்மீன் ஆழமற்ற கரையோரத்திலே வாலால் சேற்றை ஒதுக்கித் தட்டுப்போல் வட்டமான குழி செய்யும். பெண்மீன் வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் போய்விடும். அதன்பின் ஆண் உணவையும் மறந்து, குஞ்சுகள் பிரிந்துபோகும்வரை காவல் நிற்கும்; அருகில் எது வந்தாலும், பொய்யிரையானாலும், பாய்ந்து கடிக்கும். அப்போது அதைப் பிடிப்பது மிக எளிது. எங்கள் படகுக்காரர் அந்தக் கிழமைகளிலே பாஸ் தூண்டிலை வீட்டிலே மாட்டிவிட்டு, குழம்புக்கு நல்லதென்று அவ்வூரார் மெச்சும் கிறப்பி என்னும் சிறு மீனைப் பிடிக்கப் போய்விடுவாராம்.