நோவும் காரணமும்

நோவு என்பது ஒரு சொல். ஆனால் ஒரு பொருளன்று. மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) தமது ‘அல் கானூன்’ பெருநூலில் நோவைப் 15 வகையாகப் பிரித்தார். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், குத்தல், மரமரப்பு என நம் தாய்மொழியும் வகுத்தே வைத்திருக்கிறது. எனினும், மருத்துவர் முன் அமர்ந்ததும், “கால் வலி” என்ற இரு சொற்களோடு நம்மில் பலர் நின்றுவிடுகின்றனர்.

எங்கள் அத்தா சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் முப்பதாண்டுகள் ஓட்டுநராக இருந்தவர்கள். முதுகெலும்பின் வட்டு விலகி நரம்பை அழுத்துகிறதென்று சேலத்தில் அறுவை நடந்தது. இடுப்பு நோவு தணிந்தது; கெண்டைக்கால் நோவு மட்டும் அகலவில்லை. “புண் ஆற நாளாகும்” என்றார் ஒருவர்; “வயதாகிவிட்டது” என்றார் மற்றொருவர். “பொறுமை கொள்ளுங்கள்” என்றனர் உறவினர். பொறுமை கடமையே, ஆனால் காரணம் தேடாதிருப்பது பொறுமையாகாது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள் அல்லவா?

பின்னர் ஒரு முதிய மருத்துவர், “எப்போது வலிக்கிறது? எதனால் தணிகிறது?” என்று வினவினார். ஸுபுஹுத் தொழுகைக்குச் செல்கையில் வழியில் இருமுறை நிற்க நேர்வதையும், உட்காராமல் சற்றே நின்றாலே நோவு அடங்குவதையும் அத்தா விவரித்தார்கள். மருத்துவர் பாதத்தின் மேற்புறம் விரல் வைத்து நாடி பார்த்தார். வலப்பாதத்தில் நாடி தட்டுப்படவில்லை. முதுகில் நரம்பு நெருக்குண்டு வரும் நடைநோவு பெரும்பாலும் குனிந்தாலோ அமர்ந்தாலோதான் தணியும்; இரத்தக்குழாய் சுருங்கி வருவது நின்றாலே தணியும். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டதிலும், டாப்ளர் ஸ்கேனிலும் ஐயம் உறுதியாயிற்று. சர்க்கரையும் பீடியும் சேர்ந்து செய்த வேலை அது. கவனியாது விட்டால், ஆறாத புண்ணாகிக் காலையே இழக்க நேரும் நோய். பீடி நின்றது, மருந்தும் அன்றாட நடைப்பயிற்சியும் தொடங்கின. இப்போது பள்ளிவாசல் வரை ஒருமுறைதான் நிற்கிறார்கள், அல்ஹம்து லில்லாஹ்.

எல்லார்க்கும் காரணம் இதுவே அன்று. வட்டு மீண்டும் விலகலாம். தழும்பு நரம்பைப் பற்றலாம். அறுவைக்குப்பின் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறினால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். பாதம் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, ஒரு நாளும் தாமதித்தலாகாது.

பழைய படங்களையும் சீட்டுகளையும் உடன்கொண்டு, நோவின் இடம், நேரம், தன்மை அனைத்தையும் சொல்லுவோம். வீட்டார் துயருறுவரென்று வாய்திறவாத நம் தாய்மாரிடம் நாமே கேட்டறிவோம். உடல் இறைவன் தந்த அமானிதம். அதன் முறையீட்டைச் செவிமடுப்பது நம் கடமை.