ஆலாய்ப் பறத்தல்

பணத்துக்காக ஓயாது அலைபவனைக் கண்டால் ‘ஆலாய்ப் பறக்கிறான்’ என்று இகழ்வது நம்மவர் வழக்கு. விடுதியில் உணவு மணி அடித்ததும் நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தமிழாசிரியர் எங்கள்மீது எய்த அம்பும் இதுவே. ஆனால், ஆலா எனும் அப்பறவையை எங்களில் எவரும் உற்று நோக்கியதில்லை.

நான் அதனை அறிந்தது சுண்டிக்குளத்திலே. அங்கு அம்மானின் வாடி இருந்தது. ஓர் ஆனி மாதத்துச் சனிக்கிழமை, நீர்வற்றி வெடித்துக் கிடந்த களப்புத் தரையில் நடக்கையில், வெண்ணிறச் சிறுபறவைகள் தலைக்குமேல் திரண்டு கிறீச்சிட்டன. உச்சியிற் கருந்தொப்பி, நெற்றியில் வெண்மை, மஞ்சள் அலகின் நுனியில் மை தொட்டாற்போன்ற கறுப்பு. ஐம்பது அறுபது கிராம் நிறையே உள்ள சின்ன ஆலா. கூட்டைத் தேடினேன். கூடென்று எதுவுமில்லை. மணலில் ஒரு சிறு பள்ளம்; அதிலே மணல் நிறத்திற் புள்ளியிட்ட இரண்டு முட்டைகள். மூன்றாவது என் காலடியில் நொறுங்கிக் கிடந்ததை அதன் பின்னரே கண்டேன்.

அம்மான் ஏசவில்லை. “தம்பி, இங்காலே வா. அது வந்து இருக்கட்டும்” என்று பற்றையொன்றின் பின்னால் அழைத்துச் சென்றார். சற்று நேரத்தில் அப்பறவை நீரில் வயிற்றை நனைத்து வந்து, எஞ்சிய இரண்டின்மேலும் அமர்ந்தது. கொதிக்கும் வெயிலில் முட்டை வெந்துபோகாதபடி குளிர்விப்பதற்கே அவ்வாறு செய்கிறதெனப் பல ஆண்டுகளின் பின் நூல்களிற் படித்தேன். ஏறத்தாழ மூன்று வாரங்கள் தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கும். இரை தேடும்போது காற்றில் ஒரே இடத்திற் சிறகடித்து நின்று, மீனைக் குறிவைத்துத் தலைகீழாய் விழும். பலமுறை வெறும் அலகோடே எழும். அகப்பட்டதைப் பேட்டுக்கோ குஞ்சுக்கோ கொண்டோடும். பேராசைக்காரனுக்கு இதனை உவமை சொன்னவர் யாரோ! வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்குமிடையே ஆண்டுதோறும் போய்வரும் ஆலா இனமொன்று உண்டு; அலைச்சலுக்கு அதனைச் சொன்னாலாவது பொருந்தும்.

சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இடையில் வந்த போரினால் நெடுங்காலம் அப்பக்கம் செல்ல எனக்கு வாய்க்கவில்லை. அண்மையிற் சென்றபோது அம்மானின் வாடி இருந்த இடத்தை என்னால் இனங்காண முடியவில்லை. பேரன் முன்னே ஓடினான். தலைக்குமேல் அந்தப் பழைய கிறீச்சொலி கேட்டது. அவன் தோளைப் பற்றி நிறுத்தினேன்.

“மேலே பிறகு பார்க்கலாம். காலடியைப் பார்த்து நட” என்றேன்.