நம் வீட்டுப் பரீட்சை

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டு நாம் பயந்தது கிடையாது. பிறரைப் பயப்படுத்தியே சம்பளம் வாங்கும் உத்தியோகம் நம்முடையது. கும்பகோணத்தில் எட்டு வருஷம், பிறகு அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் பன்னிரண்டு வருஷம், கணக்கு உபாத்தியாயராகக் காலம் தள்ளியாயிற்று. எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களில் சிவப்பு மையைப் பாய்ச்சியிருக்கிறோம். ஆனால் பரீட்சை என்பது இன்னதென்று நாம் தெரிந்துகொண்டது, அது நம் வீட்டுக்குள்ளேயே புகுந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்ட பிறகுதான்.

நம் மனைவி தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவள். நம்மோடு கடல் கடந்து வந்த பிறகு, பல வருஷம் அவள் உத்தியோகம் பார்க்க இந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. குழந்தைகள் வளர்ந்தார்கள், அனுமதியும் வந்தது. அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது, "நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன்" என்றாள்.

"இந்த வயதிலா?" என்பதுதான் நம் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"படிக்கட்டுமே, தம்பி! பார்த்துப் பழக வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்கிறேனே!" என்றார் நம் தாயார். அவருக்கு இருபது வருஷமாக நீரிழிவு. இரவு தோறும் இன்சுலின் ஊசி.

அமெரிக்காவில் நர்சுகளில் இரு வகுப்பு உண்டு. மேல் வகுப்பினர் 'ரெஜிஸ்டர்டு நர்ஸ்' எனப்படுவர். அடுத்த வகுப்பினரைப் பெரும்பாலான மாகாணங்கள் 'பிராக்டிகல் நர்ஸ்' என்கின்றன; டெக்ஸாஸும் கலிபோர்னியாவும் மட்டும் 'வொகேஷனல் நர்ஸ்' என்று அழைக்கின்றன. பெயர்தான் வேறே தவிர வேலை ஒன்றே. படுக்கையருகில் நின்று மருந்து கொடுப்பதும், புண்ணைக் கட்டுவதும், நாடியையும் மூச்சையும் எண்ணுவதும் இவர்கள் பொறுப்பு. இத்தொழிலுக்கு முறையான பயிற்சி 1892-ஆம் வருஷம் நியூயார்க்கில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தில் ஆரம்பமாயிற்று. அதைப் போன்ற பயிற்சி, நாளடைவில் ஒரு வருஷப் படிப்பாக வளர்ந்திருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்தால் மட்டும் போதாது. 'என்க்ளெக்ஸ்' என்ற லைசென்ஸ் பரீட்சையில் தேறினால்தான் ஒரு நோயாளியைத் தொடலாம். கட்டணம் இருநூறு டாலர். எழுதப் போகிறவரின் உள்ளங்கை நரம்புகளைக்கூடப் படம் பிடித்த பிறகே உள்ளே விடுகிறார்கள்!

இந்தப் பரீட்சையின் விசித்திரம் ஒன்றை நேயர்கள் அறிய வேண்டும். 1994 முதல் இதைக் கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றல்ல. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகிறது. தவறினால் சற்று இளகுகிறது. ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் பார்க்க வழியில்லை. 2023 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி, குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150. காலம் ஐந்து மணி. எழுதுகிறவர் தேறியவர் அல்லது தேறாதவர் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயம் ஏற்பட்டதும், எவ்வித முன்னறிவிப்புமின்றிக் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. கெட்டிக்காரருக்கும் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போவதால், எழுதும்போது தோற்றுக்கொண்டிருப்பதாகவே தோன்றுமாம். இருபது வருஷம் உபாத்திமைத் தொழிலில் இருந்த நமக்கே இவ்வளவு கொடுமையான யோசனை ஒருநாளும் உதித்ததில்லை.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பயிற்சி அளிக்கும் பொறுப்பை நாமே ஏற்றோம். நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மனப்பாடம். அறுநூறு அட்டைகள் தயாரித்தோம். ஒரு புறம் கேள்வி, மறு புறம் விடை. மனைவி தோசை வார்ப்பாள். நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அட்டையைப் படிப்போம்.

"ஹெபாரினுக்கு மாற்று மருந்து?"

"புரோட்டமின்."

"வார்பரினுக்கு?"

"வைட்டமின் கே."

"இரத்தத்தில் பொட்டாசியம்?"

"மூன்றரையிலிருந்து ஐந்து."

"டிகாக்ஸின் கொடுக்குமுன்?"

"மார்பில் குழாய் வைத்து ஒரு நிமிஷம் முழுதும் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால் கொடுக்கக் கூடாது."

எல்லாம் பிசகின்றி வந்தன. ஒரே ஓர் இடத்தில் சச்சரவு உண்டாயிற்று. ஆயிரம் மில்லிலிட்டர் திரவத்தை எட்டு மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். குழாயில் பதினைந்து சொட்டு ஒரு மில்லிலிட்டர். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?

"முப்பத்தொன்று" என்றாள்.

"தப்பு. 31.25" என்றோம்.

"கால் சொட்டை எப்படி எண்ணுவது?" என்று கேட்டாள்.

"அது உன் கவலை. கணக்கு அப்படித்தான் சொல்கிறது" என்று அட்டையைக் கீழே வைத்தோம். அந்தத் திருப்தி இன்றைக்கும் நமக்கு நினைவிருக்கிறது, சற்று வெட்கத்தோடு.

பரீட்சை நாள் வந்தது. கம்ப்யூட்டர் 85-இல் நிற்கவில்லை, 100-இலும் நிற்கவில்லை, 150 வரை இழுத்தடித்தது. சில நாட்களில் முடிவு வந்தது: தேறவில்லை. குழந்தைகள் இருவரும், நம் தாயாரும் கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் எதிரில் நாம் சொன்ன வார்த்தையை இங்கே எழுதாமல் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சொன்னதைச் சொல்வதுதான் நியாயம்.

"போதும், விடு. இந்த வயதில் இதெல்லாம் ஏறாது. இருநூறு டாலர் போனது போகட்டும்."

அவள் பதில் சொல்லவில்லை. எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று முதல் அட்டைகள் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டன. வீட்டில் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. தோற்றவர் மறுபடி எழுத நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாட்களை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது நமக்குத் தெரியாது.

இருபதாவது நாளோ என்னவோ, ஏகாதசி. நம் தாயார் இரவு பலகாரம் என்ற பெயரில் நாலு கவளம் அவல் மட்டும் சாப்பிட்டார். ஊசியை மட்டும் வழக்கமான அளவிலேயே போட்டுக்கொண்டுவிட்டார். இரவு மூன்று மணிக்கு அவர் அறையில் ஏதோ உருளும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் தண்ணீர் கொட்டினாற்போல் வேர்வை, கை நடுங்கியது. நம்மைப் பார்த்து, இறந்து போன நம் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நமக்குக் கை கால் ஓடவில்லை. "சர்க்கரை ஏறிவிட்டது போலிருக்கிறது! இன்னோர் ஊசி போட்டுவிடலாமா?" என்று கூவிக்கொண்டே குளிர்ப்பெட்டியில் இன்சுலினைத் தேடினோம்.

நம் கையிலிருந்த சீசாவை மனைவி வாங்கி மேஜை மேல் வைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. "வேர்வையைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கருவியில் வைத்தாள். 48 என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம்.

"அத்தை, வாயைத் திறந்து எச்சிலை விழுங்குங்கள் பார்ப்போம்" என்றாள். விழுங்க முடிகிறதென்று கண்ட பிறகுதான் அரைக் கோப்பை ஆரஞ்சு ரசத்தைச் சிறுகச் சிறுகப் புகட்டினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தாள். மறுபடி குத்தினாள்: 66. மறுபடி அரைக் கோப்பை. மறுபடி பதினைந்து நிமிஷம். 94. அதன் பிறகு பாலும் ரொட்டியும் கொடுத்தாள். அம்மா நம்மைப் பார்த்து, "ஏன் தம்பி இப்படி முழிக்கிறாய்?" என்றார்.

இன்னோர் ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

விடியும் வரை நமக்குத் தூக்கமில்லை. அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். நம் கையெழுத்திலேயே இருந்தது: 'வேர்வை, நடுக்கம், மனத்தடுமாற்றம். என்ன?' மறு புறம்: 'சர்க்கரைத் தாழ்வு. பதினைந்து கிராம் சர்க்கரை. பதினைந்து நிமிஷம் கழித்து மறு சோதனை.' அந்தக் கேள்வியைப் பத்துத் தடவையாவது நாம் கேட்டிருப்போம். விடை நமக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் கேள்வி அட்டையிலிருந்து இறங்கி, நம்மைப் பெற்றவளின் உருவத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

காலையில் காப்பி கொடுக்க வந்தவளிடம், "பரீட்சைக்கு மறுபடி பணம் கட்டிவிடுகிறேன்" என்றோம். அதுதான் நமக்குத் தெரிந்த மன்னிப்பு.

"முடிவு வந்த மறுநாளே கட்டிவிட்டேன்" என்றாள். அண்டை வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம்.

தேறாதவருக்கு எந்தப் பகுதியில் குறை என்று ஓர் அறிக்கை அனுப்புவார்கள். அதை அன்றுதான் முதல் முறையாக நமக்குக் காட்டினாள். மருந்து, சுத்தம், தொற்றுத் தடுப்பு முதலியவற்றில் குறைவில்லை. எந்த வேலையை எவரிடம் ஒப்படைப்பது, எவரை முதலில் கவனிப்பது என்ற பகுதியில்தான் சரிந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் நோயாளியின் முதல் பரிசோதனையை ரெஜிஸ்டர்டு நர்ஸ் செய்ய வேண்டும். நிலை சீராக உள்ளவரை இவள் பார்க்கலாம். குளிப்பாட்டுவதையும் நடத்திச் செல்வதையும் உதவியாளரிடம் விடலாம். இவளோ எல்லாக் கேள்விக்கும் 'நானே செய்வேன்' என்று எழுதியிருக்கிறாள்!

"வீட்டில் யாரிடம் எதை ஒப்படைத்துப் பழகியிருக்கிறேன்?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் அன்று முதல் பாத்திரம் துலக்கும் பொறுப்பை ஏற்றோம். துணி மடிக்கும் வேலை மகனுக்கும், பாட்டியின் ஊசி நேரத்தைக் குறித்து வைக்கும் வேலை மகளுக்கும் போயிற்று.

பயிற்சி முறையும் மாறியது. அட்டைகள் ஓய்வு பெற்றன. அவள் கேட்பாள், நாம் பதில் சொல்வோம், பிறகு ஏன் தவறு என்று அவள் விளக்குவாள். ஒரு நாள் கேட்டாள்: "இரண்டு நோயாளிகள். ஒருவர் சிறுநீரகக் கல்லினால் வலி தாங்காமல் அலறுகிறார். இன்னொருவர் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர். வலி மருந்துக்கு அடங்கவில்லை, விரல் மரத்திருக்கிறது என்று மெதுவாகச் சொல்கிறார். யாரிடம் முதலில் போவீர்கள்?"

"அலறுகிறவரிடம்தான்."

"கல்லுக்கு வலி எதிர்பார்த்ததே. மரத்துப்போன காலில் இரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது. தாமதித்தால் காலே போய்விடும். சத்தம் போடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். சத்தம் போடாதவரை நர்ஸ் பார்க்க வேண்டும்."

நாம் சற்று நேரம் பேசவில்லை. முடிவு வந்த அன்று, எச்சில் தட்டுகளோடு ஓசையின்றி உள்ளே போன ஒருத்தியின் ஞாபகம் வந்தது.

இரண்டாம் பரீட்சையன்று நாம் வெளியே காரில் காத்திருந்தோம். எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே வந்துவிட்டாள். "எண்பத்தைந்தில் நின்றுவிட்டது. ஒன்றும் கேட்காதீர்கள்" என்றாள். எண்பத்தைந்தில் நின்றால் நன்றாகத் தேறியும் இருக்கலாம், அடியோடு தோற்றும் இருக்கலாம். வீடு வரை இருவரும் வாய் திறக்கவில்லை. முடிவு தெரிவதற்குள் அந்த வீட்டில் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கியவர் யார் என்று சொல்ல வேண்டாம். தேறிவிட்டாள்.

இப்போது முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மாலை நேர வேலை. நம் தாயார் வருகிறவர்களிடமெல்லாம், "முதல் நோயாளி நான்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

சென்ற மாதம் நம் வகுப்பில் அந்தச் சொட்டுக் கணக்கைக் கொடுத்தோம். முக்கால்வாசிப் பேர் 31.25 என்று எழுதியிருந்தார்கள். பழைய வழக்கப்படி சரி என்று போடப் பேனாவை எடுத்தோம். பிறகு ஒவ்வொரு தாளிலும் விடையின் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம்: 'கால் சொட்டை எப்படி எண்ணுவாய்?'